சிங்கம் இல்லாத பன்னீர்ச்செம்பு

அன்புள்ள தம்பிக்கு,

உறையின்மேல் பொந்தியான் முத்திரை இல்லாமல் பெக்கோக் முத்திரை இருப்பதைப் பார்த்துப் பயந்திருப்பாய். பயப்படாதே, அம்மாவுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. நிச்சயதார்த்தம் முடிந்த அன்று மாலையே நீயும் உன் கடைச் சிநேகிதனும் ஜொகூர் பாருவுக்கு ரயிலேறிவிட்டீர்கள். மறுநாள் புறப்படுவதாகச் சொன்ன நான் இன்னும் புறப்படவில்லை. உனக்குப் பெண் கொடுப்பதாக இருக்கும் மண்டோர் வேலாயுதம் மாமா வீட்டு வாசல் அஞ்சடித் தாழ்வாரத்தில் ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்துகொண்டு இதை எழுதுகிறேன். கடிதமென்றால் முதலில் நலம் கேட்க வேண்டும். உன் நலத்தில் எனக்குச் சந்தேகமில்லை. நல்ல வேலை, நல்ல கோட்டு, நல்ல பசி, எல்லாம் உனக்கு இருக்கிறது. இந்த வீட்டில்தான் யாருக்கும் சோறு இறங்கவில்லை. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். செண்பகம் உன்னைக் கட்டிக்கொள்ளலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறாள். தாம்பூலம் மாற்றியாகிவிட்டதே என்பாய். மாற்றிக்கொண்டது நாங்கள் பெரியவர்கள். "பொண்ணு என்னா சொல்லுதோ அதாங்க என் பேச்சும்" என்று அவள் அப்பா என்னிடம் சொல்லிவிட்டார். தோட்டத்தில் வேலையாட்களை மேய்க்கிற மண்டோர், பாதி லயத்துச் சனத்தையும் ஒரு சத்தத்தில் காலைப் பேர் கூப்பிடுகிற பிரட்டுக்களத்துக்கு வரவைக்கிற மனுஷன், சொந்த மகள் விஷயத்தில் குரலைக்கூட உயர்த்தவில்லை. எனக்கு அவரைப் பிடித்திருக்கிறது. அந்தப் பெண்ணை அதைவிடப் பிடித்திருக்கிறது. அதனால்தான் இங்கேயே உட்கார்ந்திருக்கிறேன்.

என்ன நடந்தது என்று நீ இந்நேரம் மறந்துகூடப் போயிருப்பாய். நிச்சயத்துக்கு மாப்பிள்ளை போவது வழக்கமில்லையடா என்று நான் சொன்னதற்கு, "இப்பல்லாம் எல்லாரும் வராங்கம்மா" என்று புதுக் கோட்டை மாட்டிக்கொண்டு வந்தாய். வாசலில் மாமா பன்னீர்ச்செம்போடு நின்று உன்மேல் தெளித்தார். தூறலாக விழவேண்டிய பன்னீர் பொத்தென்று கொட்டி உன் கோட்டுத் தோளை நனைத்துவிட்டது. உன் சிநேகிதன் சிரித்தான். உனக்கு வெட்கம். வெட்கம் வந்தவன் துடைத்துக்கொண்டு உள்ளே வந்திருக்கலாம். நீ அவர் கையிலிருந்து செம்பை வாங்கித் தலைகீழாகக் கவிழ்த்து அடியைப் பார்த்தாய். மிச்சமிருந்த பன்னீரெல்லாம் அவர் காலில் கொட்டியது. "அலாமா, மாமா, இது பன்னீர்ச்செம்பே இல்ல. வெள்ளக்காரன் வீட்டுல புட்டிங் பலகாரத்து மேல சீனி தூவுற டப்பா. வெள்ளியும் கிடையாது, வெறும் முலாம். அடியிலயே எழுதியிருக்கு பாருங்க, ஈ, பி, என், எஸ். எங்க கடையில இந்த மாதிரி மூலையில கெடக்கும்" என்றாய். வந்திருந்தவர்களில் நாலைந்து பேர் உன்னோடு சேர்ந்து சிரித்தார்கள். மாமா மட்டும், "அப்படியாப்பா, நமக்கு அதெல்லாம் எங்கப்பா தெரியுது" என்று சொல்லி, தோளில் கிடந்த துண்டால் செம்பைத் துடைத்து ஓரமாக வைத்தார். அந்த நேரம் நான் உள்ளறையில் செண்பகத்தின் தலையில் பூ வைத்துக்கொண்டிருந்தேன். அந்த அறைக்குக் கதவில்லை, பாதித் திரைதான். அவளும் பார்த்தாள், நானும் பார்த்தேன். என் கைக்குக் கீழே அவள் தலை ஒருமுறை நிமிர்ந்து மறுபடியும் குனிந்தது. வைக்கப்போன பூ என் கையிலேயே நின்றுவிட்டது.

நீ சொன்னதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. அதை முதலில் ஒப்புக்கொள்கிறேன், இல்லாவிட்டால் அம்மாவுக்கு என்ன தெரியும் என்று கடிதத்தை மடித்து வைத்துவிடுவாய். ரப்பர் விலை விழுந்து துரைமார்கள் மூட்டை கட்டியபோது ஏலத்தில் வந்த சாமான்களை வாங்கி விற்கிற கடையில் உனக்கு வேலை கிடைத்தது. அன்றுமுதல் நீ வீட்டுக்கு வந்தால் கரண்டியைக்கூடக் கவிழ்த்துப் பார்த்துவிட்டுத்தான் சோற்றில் போடுகிறாய். நானும் பேசாமல்தான் இருந்தேன். ஆனால் ஒன்று தெரிந்துகொள். உனக்குப் பால் பல் விழுவதற்கு முன்பே எனக்கு அந்த முத்திரைகள் தெரியும். எனக்கு இங்கிலீஷ் எழுத்து வாசிக்க வராது, படம் பார்க்க வரும். ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நடக்கிற சிங்கம் இருந்தால் அது சீமையின் கெட்டி வெள்ளி. பக்கத்தில் நங்கூரம் இருக்கும், இல்லாவிட்டால் எனக்குப் பூனையாகத் தெரிகிற ஒரு சிறுத்தை முகம் இருக்கும், அது எந்த ஊரில் சோதித்தார்கள் என்பதற்கு அடையாளம். ஒற்றை எழுத்து ஒன்று நிற்கும், அது வருஷம். பழைய சாமானாக இருந்தால் ராஜா தலையோ ராணி தலையோ கூட இருக்கும். சிங்கத்தோடு நிற்கிற எழுத்தை நம்பலாம். சிங்கமே இல்லாமல் எழுத்துகள் மட்டும் வரிசையாக, அதுவும் ஒவ்வொன்றும் ஒரு சின்னக் கேடயத்துக்குள் கம்பீரமாக உட்கார்ந்திருந்தால், அது முலாம். முலாம் போடுகிறவர்கள் வேண்டுமென்றேதான் எழுத்துக்குக் கேடயம் போடுகிறார்கள், பார்க்கிறவன் முத்திரை என்று மயங்கட்டும் என்று. அப்படி மயங்கிய ஒருவரை எனக்குத் தெரியும். அவரோடு நான் குடித்தனம் செய்தேன்.

நீ தவழ்ந்து எழுந்து நடக்கத் தொடங்கிய சமயம் நாங்கள் இதே பெக்கோக் தோட்டத்தில் இருந்தோம். உன் அப்பா தோட்டத்து ஆஸ்பத்திரியில் காயம் கட்டி மருந்து கொடுக்கிற டிரெஸர். சின்ன துரை ஒருவர், மீசைகூடச் சரியாக முளைக்காதவர், சீமையில் நடந்த பெரிய சண்டைக்குப் போகிறேன் என்று கிளம்பினார். அவருடைய சாமான்களை பங்களாப் புல்தரையில் பரப்பி விற்றார்கள். உன் அப்பா கொசுவலை வாங்கத்தான் போனார். திரும்பி வந்தபோது கொசுவலை இல்லை. கையில் உயரமாக, இடுப்புச் சிறுத்து, மேலே கோபுரம் மாதிரி ஓட்டை ஓட்டையாக மூடி போட்ட ஒரு சாமான் இருந்தது. "இந்தா, துரை வீட்டுல பன்னீர்ச்செம்பு வச்சிருக்காரு பாரு. நம்ம பழக்கமெல்லாம் அவுங்களுக்கும் தெரிஞ்சிருக்கு" என்றார். எனக்கும் அதைப் பார்த்தால் பன்னீர்ச்செம்பாகத்தான் தெரிந்தது. ஓட்டை போட்ட மூடியும் உருண்ட வயிறும் உள்ள சாமானை நம்மில் யார் பார்த்தாலும் வேறு என்ன சொல்வார்கள்? சீனியை ஸ்பூனில் அள்ளிப் போடாமல் அதற்கென்று ஒரு கோபுரம் கட்டித் தூவுவார்கள் என்று எந்தத் தமிழச்சிக்குத் தோன்றும்? உன் அப்பா செம்பைக் கவிழ்த்து அடியைக் காட்டினார். நான்கு கேடயம், நான்கு எழுத்து. சீமையில் வெள்ளிச் சாமானுக்கு அடியில் வரிசையாக முத்திரை குத்துவார்கள் என்று அவர் எங்கோ கேள்விப்பட்டிருந்தார். கேள்விப்பட்டது சரி. என்ன முத்திரை என்றுதான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. "கவர்மெண்டு சீல். வெள்ளியோ வெள்ளி" என்றார். வெளுத்ததெல்லாம் பால் என்கிற மனுஷன் அவர்.

அதோடு விட்டாரா என்றால் இல்லை. என் அம்மா வீட்டுச் சீராக நாகப்பட்டினத்திலிருந்து கப்பலில் என்னோடு வந்த வெள்ளி டம்ளர் ஒன்று சாமி அலமாரியில் இருந்தது. அதை எடுத்துக் கவிழ்த்தார். அடியில் ஒன்றுமில்லை, தட்டிய சுத்தியல் தடம் மட்டும். "உங்க ஊரு பத்தரு எதையோ தலையில கட்டிட்டாரு போல. சீல் ஒண்ணுகூட இல்லையே" என்று அதை அடுக்களைக்கு அனுப்பிவிட்டு, அந்த இடத்தில் துரை வீட்டுச் செம்பை வைத்தார். நான் சண்டை போட்டேன், அது எடுபடவில்லை. இங்கிலீஷ் படித்தவரிடம் நாகப்பட்டினம் பேசி என்ன ஆகப்போகிறது? அந்த டம்ளரில் அரிசி அளந்தேன். அதில்தான் நீ கோப்பி குடித்தாய். தரையில் தட்டித் தட்டித் தாளம் போட்டு விளிம்பை நெளித்ததும் நீதான். சாமிக்கு முலாமும் உனக்கு அசல் வெள்ளியுமாக எங்கள் வீடு கொஞ்ச காலம் நடந்தது.

செம்பில் பன்னீர் ஊற்றி முதலில் வெளியே எடுத்தது ஒரு லயத்துக் கல்யாணத்தில். சீனி விழுவதற்குப் போட்ட ஓட்டை பன்னீருக்குப் பெரிது. ஒரு குலுக்கலில் மூடியே கழன்று, மாப்பிள்ளையின் சித்தப்பா தலையில் அத்தனை பன்னீரும் இறங்கிவிட்டது. உன் அப்பா அசரவில்லை. ஆஸ்பத்திரிப் பையிலிருந்து காயத்துக்குக் கட்டுகிற துணியை எடுத்து, மூடிக்கும் கழுத்துக்கும் நடுவில் சுற்றி இறுக்கி, "இப்ப சரியாயிடுச்சி" என்று மறுபடியும் தெளித்தார். கொஞ்சம்தான் சரியானது. அதன்பிறகு தோட்டத்தில் யார் வீட்டில் விசேஷமென்றாலும் டிரெஸர் ஐயா செம்போடு வரவேண்டும் என்பது வழக்கமாகிவிட்டது. "ஐயா வராரு, கொடைய எடுத்துக்க" என்று கேலி செய்துகொண்டே முன்னால் வந்து நிற்பார்கள். பால் வெட்டி, பால் சுமந்து, உடம்பெல்லாம் ரப்பர் நாற்றத்தோடு வாழ்கிற சனம் தம்பி அது. ஒரு நாள் மேலெல்லாம் பன்னீர் கொட்டினால் யாருக்குத்தான் கசக்கும்? இப்போது நினைத்தாலும் அந்த வாசனை எனக்கு வருகிறது. உன் அப்பாவின் சட்டைக் கையில் கார்பாலிக் மருந்தும் பன்னீரும் கலந்து அடித்த வாசனை அது. அவர் போன பிறகு அந்தச் சட்டைகளை நான் இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மற்றவர்கள் தெளித்தால் பன்னீர் என்பது பந்தலுக்குள் உட்கார்ந்திருக்கிற பெரிய மனிதர்களோடு முடிந்துபோகும். கக்கூஸ் கூட்டுகிற முனியனும் அவன் வீட்டாரும் பந்தலுக்கு வெளியே, முற்றத்தின் கோடியில் நிற்பார்கள். சோறு அங்கேதான் போகும், பன்னீர் போகாது. உன் அப்பா பந்தலில் மூத்தவரிடம் தொடங்கி ஒருவரையும் விடாமல் தெளித்துக்கொண்டே வந்து, அப்படியே படி இறங்கி முற்றத்துக் கோடிவரை போவார். முதல் தடவை போனபோது பந்தலில் முணுமுணுத்தார்கள். "ஆஸ்பத்திரியில எல்லாருக்கும் ஒரே மருந்துதான் ஊத்துறேன். இது பன்னீரு, இதுல என்னா இருக்கு" என்றார். டிரெஸரைப் பகைத்துக்கொண்டு காய்ச்சலுக்கு எங்கே போவது என்று பேசாமல் இருந்துவிட்டார்கள். போகப் போகப் பழகிவிட்டது. முனியனுக்குக் கொஞ்சம் மிச்சம் இருக்கும்படி பார்த்துத் தெளிக்க வேண்டும் என்று பன்னீர் தெளிக்கிற மற்றவர்களும் கற்றுக்கொண்டார்கள்.

குட்டு வெளிப்பட்டது என் கையால்தான். வெள்ளிக்கிழமைதோறும் சாமிப் பாத்திரங்களைப் புளியும் சாம்பலும் போட்டு விளக்குவது எங்கள் வீட்டு வழக்கம், அது உனக்கே தெரியும். பித்தளைக் குத்துவிளக்கோடு செம்பையும் சேர்த்துப் பறபறவென்று தேய்த்தேன். வாரம் போகப் போகச் செம்பின் வயிற்று மேடெல்லாம் பல் இளித்தது. வெள்ளைக்கு அடியிலிருந்து பித்தளைச் சாயலில் ஒரு மஞ்சள் எட்டிப் பார்த்தது. கெட்டி வெள்ளியென்றால் எத்தனை தேய்த்தாலும் உள்ளேயும் வெள்ளிதானே? நான் உன் அப்பாவிடம் காட்டினேன். "நீ தேச்ச தேய்ப்புல இரும்பே கரைஞ்சிரும்" என்று என்மேல் பாய்ந்தார். ஆனால் முகம் வாடிவிட்டது. அந்தச் சமயம் சிகாமட்டிலிருந்து வெள்ளைக்கார டாக்டர் ஆஸ்பத்திரியைப் பார்வையிட வந்தார். அவருடைய வெள்ளிச் சிகரெட் டப்பா மேஜைமேல் இருந்தது. உன் அப்பா துணிந்து கேட்டுவிட்டார். டாக்டர் தேநீர் குடித்துக்கொண்டே டப்பாவைத் திறந்து முத்திரைகளைக் காட்டி, சிங்கத்தையும் நங்கூரத்தையும் விளக்கி, ஈ.பி.என்.எஸ். என்றால் முலாம் பூசியது என்றும், அந்தக் கோபுரத்தில் சீனிதான் போடுவார்கள் என்றும் சொல்லியிருக்கிறார். சாயங்காலம் வீட்டுக்கு வந்த உன் அப்பா ஒரு மருந்துச் சீட்டின் பின்புறத்தில் சிங்கத்தை வரைந்து காட்டினார். நாய் மாதிரி இருந்தது. நான் அதைச் சொல்ல, இரண்டு பேரும் சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்துவிட்டது.

சிரித்து ஓய்ந்த பிறகு செம்பைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு அவர் ஒன்று சொன்னார். "பாவம், இது யாரையும் ஏமாத்தல. நான் வெள்ளி இல்லன்னு முதுகுலயே எழுதிக்கிட்டுத்தான் வந்திருக்கு. படிக்கத் தெரிஞ்ச நான்தான் தப்பாப் படிச்சேன்." அப்புறம் என் டம்ளரை எடுத்துக்கொண்டு அடுத்த முறை சிகாமட் போனபோது பத்தரிடம் கொடுத்து உரைகல்லில் உரைத்துப் பார்த்தார். பத்தர் ஒரே கோட்டில் சுத்த வெள்ளி என்று சொல்லிவிட்டாராம். நம் ஊர்த் தட்டான் செய்கிற சாமானுக்கு முத்திரை கிடையாது, அவன் பேரும் வாடிக்கைக்காரன் நம்பிக்கையும்தான். மூவாரில் சீனன் கடை வெள்ளிக்கு அவன் எழுத்து ஒன்று இருக்கும், சிங்கம் இருக்காது, அதற்காக அது முலாமாகிவிடாது. சிங்கம் இருந்தால் நம்பு, கேடயத்தில் நாலெழுத்து இருந்தால் தெரிந்துகொள், ஒன்றுமே இல்லாவிட்டால் அவசரப்படாதே. முத்திரை படிப்பதில் எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். கடைசி வாக்கியம் உன் கடையில் சொல்லித்தர மாட்டார்கள் என்பதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

டம்ளர் மரியாதையோடு அலமாரிக்குத் திரும்பியது. ஆனால் செம்பு மூலைக்குப் போகவில்லை தம்பி. அதுதான் நான் சொல்ல வந்தது. வெள்ளி இல்லை என்று ஊருக்கே சொல்லிவிட்டு, சீனி டப்பா என்ற கதையையும் தன் வாயாலேயே சொல்லிச் சிரிக்க வைத்துவிட்டு, உன் அப்பா அதே செம்போடு எல்லா விசேஷத்துக்கும் போனார். எனக்குப் புளியைத் தடை செய்துவிட்டார். விபூதியைத் தொட்டு மெல்லிய துணியால்தான் துடைக்க வேண்டும். பிறகு நாங்கள் பொந்தியானுக்கு மாற்றலாகிப் போகிற சமயம் வந்தது. உன்னை அதற்கு முன்பே பள்ளிக்கூடத்துக்காக மூவாரில் உன் மாமன் வீட்டில் விட்டிருந்தோம். அதனால் இதெல்லாம் உன் நினைவில் இல்லை. அந்த வருஷம் மண்டோர் மாமாவின் பெண்டாட்டி மரகதம் பிள்ளை பெற்று ஜன்னி கண்டு கிடந்தாள். பிழைக்க மாட்டாள் என்று எல்லோரும் கைவிட்டார்கள். உன் அப்பா ஆஸ்பத்திரி வேலை முடிந்ததும் நேராக அவர்கள் லயத்துக்குப் போய் உட்கார்ந்துவிடுவார். நெற்றியில் ஈரத்துணி மாற்றி, கரண்டியால் மருந்து ஊற்றி, அவளைத் திரும்ப உட்கார வைத்துவிட்டுத்தான் ஓய்ந்தார். அவள் பிழைத்து எழுந்து குழந்தைக்குப் பேர் வைத்த அன்று, பெக்கோக்கில் கடைசியாக அவர் அந்தச் செம்பை எடுத்தார். துணியை நன்றாக இறுக்கி, குழந்தைமேல் ஒரே ஒரு சொட்டு விழும்படி பார்த்துத் தெளித்தார். குழந்தை தும்மியது. அந்தக் குழந்தைதான் செண்பகம்.

ரயிலடிக்கு வழியனுப்ப வந்த மரகதம் என்னிடம், "அக்கா, வேற ஒண்ணும் வேணாங்க. அந்தச் செம்ப மட்டும் குடுத்துட்டுப் போங்க" என்றாள். உன் அப்பா பதறிப்போய், "தங்கச்சி, அது வெள்ளி இல்லம்மா. அடியிலயே எழுதியிருக்கு பாரு" என்று கவிழ்த்துக் காட்டினார். "எனக்கு எழுத்துத் தெரியாதுண்ணே. நீங்க தெளிச்சது தெரியும்" என்று வாங்கி முந்தானையில் சுற்றிக்கொண்டாள். அது இத்தனை வருஷம் இருந்த பெட்டியை நேற்று அவள் திறந்து காட்டினாள். பழைய வேட்டித் துணியில் சுற்றி, வருஷம் தவறாமல் விபூதியால் துடைத்து வைத்திருந்திருக்கிறாள். நான் தேய்த்துப் பல் இளிக்க வைத்த இடத்துக்குமேல் ஒரு கீறல்கூட அதிகமில்லை. அதனால்தான் அந்த நாலெழுத்தும் நீ பார்த்ததுமே படிக்கும்படி அப்படியே இருக்கிறது.

இப்போது உனக்குப் புரிந்திருக்கும். நீ கவிழ்த்தது உன் அப்பாவின் செம்பு. அவர் இல்லாத குறை தெரியக்கூடாது, மாப்பிள்ளைமேல் முதலில் அவர் செம்புப் பன்னீர்தான் விழவேண்டும் என்று மரகதம் அதை வெளியே எடுத்திருந்தாள். தட்டு மாற்றி முடிந்ததும் உன்னைக் கூப்பிட்டு, "தம்பி, இது உங்க அப்பா கை பட்டது" என்று சொல்வதாக இருந்தாள். நீ அதற்குமுன் பேசிவிட்டாய். நுணலும் தன் வாயால் கெடும் என்பது இதுதான். மண்டோர் மாமா ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், அத்தனை பேர் நடுவில் நீ கூனிக் குறுகியிருப்பாய். அவர் சொல்லவில்லை. ஒன்றும் தெரியாதவர் மாதிரி உன் சிரிப்பைத் தன் தலையில் வாங்கிக்கொண்டார். உனக்கு அவமானம் வரக்கூடாதே என்று. நான் ஏன் பேசவில்லை என்று கேட்பாய். அவர் மூடியதைத் திறக்க எனக்கு மனம் வரவில்லை. அன்று முழுக்க எனக்குக் கோபமும் இருந்தது, அழுகையும் இருந்தது. உன்மேல்தான் இரண்டும்.

இன்னொன்று உனக்குத் தெரியாது. முனியன் இன்னும் இருக்கிறான். கண் மங்கிவிட்டது, முதுகு வளைந்துவிட்டது. டிரெஸர் ஐயா மகனுக்கு நிச்சயம் என்று கேள்விப்பட்டுத் துவைத்த வேட்டி கட்டி வந்து அதே முற்றத்துக் கோடியில் நின்றான். நீ கவிழ்த்ததில் பன்னீர் தீர்ந்துவிட்டது. வீட்டில் வேறு புட்டி இல்லை. அவன்மேல் விழவில்லை.

விருந்தாளிகள் போன பிறகு செண்பகம் பின்கட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவள் தலையைத் தூக்காமலே கேட்டாள். "அத்தை, அவங்க என்னையும் இப்படித்தான் கவுத்துப் பாப்பாங்களா? என்கிட்ட ஒரு சீலும் இல்லையே." தோட்டத்துப் பள்ளிக்கூடத்தோடு படிப்பு நின்ற பெண். வெயிலில் கறுத்த கை. உன் ஜொகூர் பாரு சிநேகிதர்கள் வீட்டுப் பெண்கள் மாதிரி இங்கிலீஷ் பேச மாட்டாள். அவள் பயந்தது நியாயம்தானே? என் மகன் அப்படிப்பட்டவன் இல்லை என்று நான் எப்படிச் சொல்வேன்? கல்யாணத்தன்று கொடுக்கலாம் என்று மூட்டையில் கொண்டுவந்திருந்த என் டம்ளரை எடுத்து அவள் கையில் வைத்தேன். நீ நெளித்த விளிம்போடு அப்படியேதான் இருக்கிறது. அவள் அதைக் கவிழ்த்துப் பார்க்கவில்லை. தண்ணீர் மொண்டு குடித்தாள். குடித்துவிட்டு, "நல்லா குளுகுளுன்னு இருக்கு அத்தை" என்றாள். இவள் என் வீட்டுக்கு வரவேண்டும் என்று எனக்கு அப்போது தோன்றிய ஆசையை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. அவள் கேட்டதற்கு மட்டும் நான் பதில் சொல்லவில்லை. அது நீ சொல்ல வேண்டியது.

அதனால் கடையில் லீவு கேட்டுக்கொண்டு வா. தனியாக வா, சிநேகிதன் வேண்டாம். நீண்ட மன்னிப்பெல்லாம் பேசாதே, உனக்கு வாய் நீளம், மறுபடியும் எங்கேயாவது போய் முட்டும். வாசலில் நின்று மாமாவிடம் அந்தச் செம்பைக் கேள். துணியை இறுக்கிச் சுற்று. மாமாவிடம் தொடங்கு, அப்புறம் மரகதம். உள்ளே ஒரு பெண் நிற்பாள், அவளுக்கு ஒரு சொட்டு போதும், பேர் வைத்த அன்றைக்கே அவளுக்குப் பழக்கம். பிறகு படி இறங்கி முற்றத்துக் கோடிவரை போ. உன் அப்பா போன வழி அது. முனியனுக்கு மிச்சம் இருக்கும்படி பார்த்துத் தெளி.

அவள் சம்மதிப்பாளா என்று கேட்காதே, எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது இது ஒன்றுதான். நிச்சயம் முடிந்ததும் மரகதம் செம்பைச் சுற்றிப் பெட்டியில் வைக்கப் போனாள். செண்பகம், "வெளியவே இருக்கட்டும்மா" என்று வாங்கி மேஜைமேல் வைத்தாள். இன்று காலை கடையிலிருந்து புதுப் புட்டி வாங்கிவந்து அதில் பன்னீரை நிரப்பினாள். எதற்கம்மா என்று கேட்டேன். "சும்மாதான் அத்தை" என்றாள். நான் எழுதுகிற இடம்வரை வாசனை வருகிறது. அந்த மூடியெல்லாம் ஓட்டை தம்பி, வாசனை நெடுநாள் நிற்காது. சீக்கிரம் வா.

உன் அம்மா